சிறு எஞ்சின் செப்பனிடும் தொழிலும் அதன் பயிற்சியும்

கல்லூரியிற் பயில்வோராகிய நம்மில் பெரும்பாலார் எஞ்சின் என்னும் பொருளைப் பௌதிக நூலிற் படமாகவே கண்டு பழகியிருக்கின்றோம். சிலிண்டரும் பிஸ்டனும் வால்வுகளும் எழுத்தடையாளமிட்டுக் காட்டப்பெற்ற அப்படத்தை வரைந்து, பரீட்சையில் மதிப்பெண் பெறுவதோடு நம் பழக்கம் முடிந்துவிடுகின்றது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டால் அதனை மீண்டும் ஓடச்செய்வோர் கற்றது யாது, அதனை எங்ஙனம் கற்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் அரிது. அதனை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சிறு எஞ்சின் என்பது புல்வெட்டி, மரமறுக்கும் சங்கிலி ரம்பம், மருந்து தெளிக்கும் கருவி, ஜெனரேட்டர், படகின் பின்புறம் மாட்டும் மோட்டார் முதலியவற்றை இயக்குவது. வட அமெரிக்காவில் இதனோடு நெருங்கிய மற்றொரு வகையும் உண்டு. மோட்டார் சைக்கிள், கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாற்சக்கர வண்டி, பனிமீது செல்லும் ஸ்னோமொபைல், நீர்மீது பாயும் ஸ்கூட்டர் ஆகியவற்றை அங்குள்ளோர் 'பவர் ஸ்போர்ட்' வண்டிகள் என்பர். பெயரில் விளையாட்டு இருப்பினும், இவற்றுட் சில விளையாட்டுக்காகத் தோன்றியவை அல்ல. ஸ்னோமொபைலின் வரலாறே இதற்குச் சான்று.

கானடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் 1907-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் ஆர்மான் பொம்பார்டியே என்பவர், 15 வயதிலேயே பழைய ஃபோர்டு எஞ்சின் ஒன்றைச் சறுக்கு வண்டியில் ஏற்றிப் பனிமீது ஓட்டிக் காட்டினார். தந்தையார் அவரைச் சமயக் கல்லூரிக்கு அனுப்பினர். அவருடைய மனமோ எந்திரங்களையே நாடியது. எனவே கல்லூரியை விட்டு ஒரு பட்டறையில் தொழில் பயில்பவராகச் சேர்ந்தார். பின்னர் மான்ட்ரியால் நகரிற் பகலெல்லாம் வேலை செய்து, மாலைப் பொழுதில் எந்திரவியலும் மின்னியலும் கற்றார். 1926-இல், 19 வயதில், வால்கூர் என்னும் ஊரில் தமக்கெனப் பட்டறை ஒன்றைத் திறந்தார். 1934-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயுற்றான். வழியெங்கும் பனி மூடிக் கிடந்தமையால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது.

அதன்பின் அவர் தளர்ந்துவிடாது முயன்று, பற்சக்கரத்தாற் சுழலும் பட்டையுடன் பனிமீது செல்லும் வண்டியை அமைத்து, 1937-இல் அவ்வமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவரையும் நோயாளரையும் பள்ளிக் குழந்தைகளையும் பனிக்காலத்தில் அவ்வகை வண்டிகள் ஏற்றிச் சென்றன. ஆயினும் ஓரிருவர் மட்டும் ஏறிச்செல்லும் சிறு வண்டி செய்தல் அந்நாளில் கைகூடவில்லை; அதற்கேற்ற இலேசான எஞ்சின் கிடைக்காததே காரணம். அத்தகைய எஞ்சின்கள் கிடைத்த பின்னர், 1959-இல், அவருடைய 'ஸ்கீ-டூ' வெளிவந்தது. மக்கட் போக்குவரத்து அரிதான வடதிசைப் பனிக்காட்டில் அவ்வண்டியின் எஞ்சின் நின்றுவிடுமாயின், நிற்பது வண்டி மட்டுமன்று. அதில் ஏறியவர் உயிருக்கும் இடையூறு நேரும். செப்பனிடுவோர் கையில் உள்ள பொறுப்பு இத்தகையது.

இனி, இத்தொழில் பயில்வோர் முதற்கண் அறியவேண்டுவன யாவை எனக் காண்போம். பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு சிறியதாயினும் அது ஓடுவதற்கு நான்கு வேண்டும்: பெட்ரோல், காற்று, அவ்விரண்டின் கலவையை நெருக்கும் அமுக்கம், உரிய நேரத்தில் எழும் தீப்பொறி. ஜெர்மானியராகிய ஆட்டோ என்பவர் 1876-இல் அமைத்த நாலடிப்பு எஞ்சினில், உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்களும் பிஸ்டனின் நான்கு ஓட்டங்களில் நிகழ்கின்றன. ஈரடிப்பு எஞ்சினிலோ அவை இரண்டு ஓட்டங்களிலேயே முடிந்துவிடும். அதனால் அஃது எடை குறைந்ததாயும் உறுப்புகள் சிலவே உடையதாயும் இருக்கின்றது. ஆனால் அதன் எளிய வகைகளில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்க்குத் தனியிடம் இல்லை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்றவேண்டும். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றிற்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்பது அளவு. எண்ணெயை மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றியவர் சிறிது நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டதைக் காண்பர்.

மேற்கூறிய நான்கையும் வரிசை தவறாது சோதிக்கக் கற்பதே பயிற்சியின் உயிர்நாடி. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அது பெட்ரோலால் நனைந்திருப்பின் பெட்ரோல் வருகின்றது, ஆனால் எரியவில்லை என்று அறியலாம். வறண்டிருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். கரி படிந்திருப்பின் கலவையிற் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருப்பின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கக்கூடும். பின்னர் அமுக்கத்தை அளவு கருவியாற் பார்த்தல் வேண்டும். நாலடிப்பு எஞ்சினில் அமுக்கம் குறைந்திருப்பின், சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அமுக்கம் உயர்ந்தால் தேய்ந்தது பிஸ்டன் வளையம். உயராவிடில் குறை வால்விலோ மூடியின் கேஸ்கெட்டிலோ இருத்தல் கூடும். இங்ஙனம் ஒவ்வொரு சோதனையும் ஒரு வினாவாகவும், எஞ்சின் தரும் விடை அடுத்த வினாவிற்கு வழியாகவும் அமைகின்றன.

இவ்வரிசையைக் கல்லாதவர் யாது செய்வர்? ஊகத்தின்மேல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுவர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு புல்வெட்டி நன்றாக ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகின்றது; சற்றுப் பொறுத்து இழுத்தால் மறுபடியும் ஓடி மறுபடியும் நிற்கின்றது. கார்புரேட்டரை மாற்றியும் பயனில்லை. பிளக்கை மாற்றியும் பயனில்லை. பயின்றவரோ பெட்ரோல் தொட்டியின் மூடியைச் சிறிது தளர்த்துகின்றார். எஞ்சின் நிற்காது ஓடுகின்றது. அம்மூடியிற் காற்று புகுவதற்கென விடப்பட்ட நுண்துளை அழுக்கால் அடைபட்டிருந்தது. உள்ளே காற்றுப் புகாமையால் பெட்ரோல் இறங்கவில்லை. ஓர் ஊசிமுனையால் தீரவேண்டிய குறைக்கு ஏழை ஒருவர் இரண்டு உறுப்புகளின் விலையைக் கொடுத்துவிட்டார்.

மற்றொன்று: பெட்ரோல் வருகின்றது, தீப்பொறி தோன்றுகின்றது, அமுக்கமும் உண்டு, ஆயினும் எஞ்சின் ஓடவில்லை. புல்வெட்டியின் அலகு கல்லில் மோதியதா என்று வினவினால் உரியவர் ஆமென்பர். மோதிய வேகத்தில், ஃபிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவியானது வெட்டுண்டு, தீப்பொறி நேரந்தவறி எழுகின்றது. பொறி உண்டா என்பது மட்டும் போதாது, உரிய நேரத்தில் உண்டா என்பதையும் கேட்கவேண்டும் என்பதனை இதனாற் கற்கின்றோம். இறுகிய பிஸ்டனை மாற்றுவோர்க்கும் இவ்விதியே பொருந்தும். எண்ணெய் குறைந்ததா, தேய்ந்த சீல் வழியே காற்றுப் புகுந்து கலவை மெலிந்ததா என ஆராயாது புதுப் பிஸ்டனைப் போட்டால் அதுவும் விரைவிற் கெட்டொழியும். பழுது வேறு, பழுதின் காரணம் வேறு. முன்னதைக் கண்ணாற் காணலாம். பின்னதைக் காண்பதற்கே கல்வி வேண்டும்.

அறிவோடு கைப்பழக்கமும் இன்றியமையாதது. வால்வின் இடைவெளி பல எஞ்சின்களில் ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டரே, அதனை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால் அளந்து அறிதல் வேண்டும். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் அளவுண்டு. கைவலிமையைக் காட்டினால் அலுமினியத்தில் வெட்டிய மரை அழிந்துவிடும். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்தலும், செய்த வேலையை எழுதிவைத்தலும் பழக்கமாகவேண்டும். அலகைத் தொடுமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுதல் முதல் விதி. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றும். அடைத்த அறையில் எஞ்சினை ஓட்டினால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் கவரும். இவற்றை முதல் நாளிலேயே கற்பித்தல் வேண்டும்.

வட அமெரிக்காவில் இத்தொழிலுக்கு வழி இரண்டு. ஒன்று, தொழிற்கல்லூரியில் முறையாகப் பாடங்கேட்டல். மற்றொன்று, பட்டறையிற் கூலி பெற்று வேலை செய்துகொண்டே இடையிடையே சில வாரம் கல்லூரியிற் பயிலுதல். பொம்பார்டியே பகலிலும் மாலையிலும் பெற்ற இருவகைக் கல்வியையும் ஒருங்கு சேர்த்தது போன்றதே இரண்டாம் வழி. நம் இந்தியாவிலும் 1950-இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் வழியே ஐ.டி.ஐ. நிலையங்களும், 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் வழியே தொழிற்சாலைகளும் இளைஞரைப் பயிற்றுகின்றன. நம் பக்கத்திற் பனிவண்டி இல்லையேனும், மீனவர் படகிலும் உழவர் தோளிலும் இருப்பவை இதே இன எஞ்சின்களே. கரை கண்ணுக்கெட்டாத இடத்தில் மோட்டார் நின்ற மீனவரின் நிலையும் பனிக்காட்டில் நின்றவரின் நிலையும் ஒன்றே அன்றோ?

எஞ்சின்களின் காலம் முடிந்துவருகின்றதே, இதனைக் கற்றுப் பயனென்ன எனச் சிலர் வினவலாம். மாற்றம் உண்மையே. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் புகை பற்றிய புதிய விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோலைப் பீச்சும் மின்னியற் கருவி பெற்றுவிட்டது. பேட்டரியால் இயங்கும் ரம்பங்களும் வண்டிகளும் பெருகுகின்றன. ஆயினும் மின்கலத்து வண்டி நின்றாலும் வினா ஒன்றே: மின்சாரம் எதுவரை வந்தது, எவ்விடத்தில் நின்றது? கருவிகள் மாறும், வரிசையாக வினவும் முறை மாறாது.

பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையுடன் நிற்பவரை நம்மினும் குறைந்த கல்வியுடையவராக நினைப்பது நம்மிடையே உள்ள பெருங்குறை. காரியத்தைக் கண்டு காரணத்தைத் தேடுதல், ஊகத்தைச் சோதனையால் உறுதிசெய்தல், அறிந்தது இன்னது அறியாதது இன்னது என்று உண்மை கூறுதல் ஆகிய இவையே நம் ஆய்வுக்கூடத்திலும் நமக்குக் கற்பிக்கப்படுவன. நாம் பிழைத்தால் மதிப்பெண் குறையும். அவர் பிழைத்தால் ஒருவர் நடுக்கடலில் நிற்பார். இதனை உணர்ந்து, அத்தொழிலை மதிப்பதோடு, மனம் நாடுவோர் அதனைக் கற்கவும் முன்வருவாராக.