அரைத்த தானியமா, முழுத் தானியமா?

'ஆடு கொழுத்தால் இடையனுக்கு லாபம்' என்பார்கள். ஆனால் கொழுக்க வைக்கும் செலவு, ஆட்டை விற்று வரும் பணத்தை விழுங்கிவிட்டால் லாபம் ஏது? இறைச்சிக்காகக் குட்டி வளர்ப்போரின் செலவில் பெரும்பங்கு தீவனத்திற்கே போகிறது. ஆகவே, தானியத்தை அரைத்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்பது அவர்களுக்குச் சிறிய கேள்வி அன்று.

நாம் தானியத்தை மாவாக்கியும் வேகவைத்தும் உண்கிறோம், எளிதில் செரிக்கிறது. ஆட்டுக்கும் அப்படித்தான் என்று எண்ணத் தோன்றும். ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில், ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர்ஸ்கோவ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் இதனை ஆராய்ந்து 1974-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பார்லி, மக்காச்சோளம், ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றை முழுதாகவும், அரைத்துக் குச்சித் தீவனமாக்கியும் செம்மறிக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அரைப்பதால் பெரிய நன்மை எதுவும் கிட்டவில்லை. மாறாக, அரைத்த பார்லி தின்ற குட்டிகளின் கொழுப்பு இறுக்கமின்றி மென்மையாக இருந்தது. இறைச்சி வணிகர் அதனை விரும்புவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? செம்மறி ஆடு தானியத்தை நன்றாக மெல்லும்; பின்னர் அசைபோட்டு மீண்டும் அரைக்கும். ஆட்டின் வாயே ஓர் அரைவை இயந்திரம்! மெல்லும்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கிறது. நம் வீட்டுச் சமையல் சோடாவில் உள்ள பைகார்பனேட் அதிலும் உண்டு. அது வயிற்றின் அமிலத்தைத் தணிக்கிறது. மாவாக்கிய தானியத்திற்கு மெல்லும் வேலை குறைவு. அது முதல் இரைப்பையில் விரைவாகப் புளித்து அமிலத்தைப் பெருக்குகிறது. அமிலம் மிஞ்சினால் குட்டி தீனி எடுக்காது. சில வேளை இறந்தும் போகும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு குட்டி 1 கிலோ எடை கூடுவதற்கு 4 கிலோ தானியம் வேண்டும் என்றும், அரைவைக் கூலி கிலோவுக்கு 2 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். குட்டி 10 கிலோ கூடுவதற்குள் கூலி மட்டும் 80 ரூபாய். 50 குட்டிகளுக்கு 4,000 ரூபாய்! வளர்ச்சி கூடாதபோது இது வீண் செலவே அல்லவா?

எனினும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி செல்லாது. சோளம் போன்ற சிறிய, கடினமான மணிகளை உடைத்துக் கொடுப்பதே நலம். பல் தேய்ந்த கிழ ஆடுகளுக்கும், மெல்லப் பழகாத இளங்குட்டிகளுக்கும் உடைத்த தானியமே ஏற்றது. மாடுகள் செம்மறியைப் போல் மெல்லுவதில்லை. முழு பார்லி அவற்றின் சாணத்தில் அப்படியே வெளிவரும். மேலும், முழுத் தானியமாயினும் திடீரென்று நிறையக் கொடுத்தல் ஆகாது. சில வாரங்களில் சிறிது சிறிதாக அளவைக் கூட்ட வேண்டும். உலர்ந்த புல்லும் உடன் இருக்க வேண்டும். தானியத்தில் புரதம் குறைவாதலால் புண்ணாக்கும் சேர்க்க வேண்டும்.

நமக்கு நல்லது என்று நாம் எண்ணுவதெல்லாம் பிற உயிர்களுக்கும் நல்லதாகிவிடாது. எந்த விலங்கு, எந்த வயது, எந்தத் தானியம் என்று அறிந்து தீவனம் இட்டால், குட்டியும் செழிக்கும், வளர்ப்பவர் கையிலும் நாலு காசு தங்கும்.