பேசாத கிளி

புதுக் கிளி வந்த வீட்டில் முதல் மூன்று நாளும் ஒரே கேள்விதான்: "ஏன் இது கத்தவே மாட்டேங்குது?" தேவகோட்டையில் ஒரு வளவு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூண்டு வந்து இறங்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று ஆளுக்கொரு பக்கம் பாடம் நடக்கிறது. கிளியோ இறகை உடம்போடு ஒட்டவைத்து, கொண்டையை நட்டுக்குத்தாக நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நிற்கிறது.

அது எந்தக் கிளி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பனைப் பொந்திலும் கோயில் கோபுரத்திலும் குஞ்சு பொரிக்கும் நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. தாத்தா காலத்துத் திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கியது உண்மைதான். அந்தப் பழக்கத்துக்கு இன்று அபராதமும் வழக்கும் உண்டு. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்தாக வேண்டும். நம் கூண்டில் நிற்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த காக்டெயில். பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது அது. எடை நூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் வாழும். எல்.கே.ஜி. பிள்ளைக்காக வாங்கிய கிளி, அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கும் இருக்கலாம்.

அதன் மௌனத்துக்குக் காரணம் கண்ணில் இருக்கிறது. பூனை, ஆந்தை, மனிதன் மூவருக்கும் கண்கள் முகத்தின் முன்பக்கம். கிளிக்குப் பக்கவாட்டில். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுமுற்றும் முழுதும் பார்க்கும் இந்த அமைப்பு, பிறருக்கு இரையாகும் உயிரின் தற்காப்பு. இரண்டு கண்ணும் நேரே தன்மேல் குத்தி நிற்கும் முகம் எதுவானாலும் அதன் கணக்கில் வேட்டைக்கார முகம்தான். குனிந்து உற்றுப் பார்த்துக் கொஞ்சும் பிள்ளை பாசத்தைக் காட்டுகிறது. கிளிக்குத் தெரிவது பூனை. சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்து, பார்க்காதது போல நம் வேலையைச் செய்வதே அதற்குப் புரியும் மரியாதை.

கூண்டை நடு முற்றத்தில் தொங்கவிடுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே திறந்த வானம். அதில் வட்டமிடும் பருந்து. வளவில் ஒரு சுவரை ஒட்டி, நம் கண்மட்டத்தில் வைத்தால் ஒரு பக்கமாவது காவல் என்று கிளி நம்பும். வழவழப்பான ஒரே அளவுக் கம்பியைவிட, பருமன் மாறும் கொய்யாக் கிளையை உள்ளே செருகலாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு விரலாகப் பற்றும் பாதம் அது. பிடி மாறாவிட்டால் உள்ளங்கால் புண்ணாகிவிடும்.

அடுத்து, கையைப் பழக்குவது. பறவை வளர்ப்போர் உலகம் முழுக்க இதற்குப் பயன்படுத்துவது ஒரு கதிர். பெரிய நகரக் கடைகளில் பொட்டலம் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால், அட, நம் தினை! சங்கக் குறிஞ்சியில் பெண்கள் பரண் மேல் நின்று, கவண் வீசி, தட்டை தட்டிக் கிளி ஓட்டியது இந்தக் கதிருக்காகத்தான். வள்ளியின் வேலையும் அதுவே. இரண்டாயிரம் வருடம் ஆலோலம் பாடி விரட்டிவிட்டு, இப்போது அதே கதிரை நீட்டி வா வா என்கிறோம். முதல் நாள் கம்பி இடுக்கில் செருகிவிட்டு நகர வேண்டும். சில நாள் கழித்து நீளக் காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். பிறகு காம்பு குறையக் குறையக் கை நெருங்கும். அவசரம் காட்டினால் முதல் நாளுக்கே திரும்ப வேண்டியதுதான்.

செட்டிநாட்டு வீட்டில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. வற்றல் மிளகாயைக் கொடுத்தால் கிளி விதையோடு மென்று ரசிக்கும். கண்ணில் நீர் வராது. காரத்தை உணரும் நரம்பு வாயிலை 1997-இல் அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் குழு. அதற்கே 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கும் அந்த வாயில் உண்டு, மிளகாய்ச் சத்துதான் அதைத் திறப்பதில்லை. விதையைக் கடித்து நொறுக்கும் பாலூட்டிகளை விரட்டி, விழுங்கித் தொலைவில் எச்சமிடும் பறவைகளை அழைக்கும் மிளகாய்ச் செடியின் ஏற்பாடு இது. விதையையே உடைத்துத் தின்னும் கிளி, அந்த ஏற்பாட்டில் டிக்கெட் எடுக்காமல் ஏறிய பயணி.

காரம் உறைக்காது, சரி. புகை கொல்லும். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. காற்றுப் பைகள் துருத்தியாக வேலை செய்ய, நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று கிடைக்கும். பறப்பதற்கு வரம், நச்சுக் காற்றுக்குச் சாபம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவியைக் கூண்டோடு இறக்கியது இதனால்தான். நான்ஸ்டிக் தவா வெறுமனே அடுப்பில் காய்ந்துபோனால் எழும் ஆவி, நமக்குத் தலைவலியோடு போகலாம். கிளி சில நிமிடங்களில் விழுந்துவிடும். அடுப்படியைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்த பழைய கொத்தனார் கிளியை நினைத்திருக்க மாட்டார், ஆனாலும் கிளிக்கு நல்லது செய்தார்.

ஒரு வாரம் போனதும் கத்தல் தொடங்கும். அதுவும் நாம் அறையை விட்டு வெளியேறிய நொடியில். அடம் என்று நினைத்து அதட்டுவார்கள். கிளிகள் கூட்டமாய் மேய்பவை, இலைமறைவில் ஒன்றையொன்று காணாதபோது "எங்கே இருக்கிறாய்?" என்று கூப்பிட்டுக்கொள்ளும். வெனிசுவேலாவில் ஒரு குட்டிக் கிளி இனத்தை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழு 2011-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. அங்கே பெற்றோர் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி ஒலியைப் பெயர்போலச் சூட்டுகின்றன. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தால், குஞ்சு கற்பது வளர்த்தவர் குடும்பத்தின் ஒலியை. வளர்ப்புப் பிள்ளைக்கு வீட்டார் பேர் விடும் கதைதான். ஆகவே கிளி கூப்பிட்டால் பின்கட்டிலிருந்தே ஒரு சீட்டி அடித்தால் போதும். பதில் வந்த நிம்மதியில் அடங்கிவிடும். பேச்சுப் பாடத்தின் முதல் எழுத்து அந்தச் சீட்டிதான்.

இருட்டு வேறு விஷயம். திடீர்ச் சத்தத்தில் காக்டெயில் மிரண்டு, கூண்டுக்குள் முட்டி மோதி இறக்கையைக் கிழித்துக்கொள்ளும். மங்கலான ஒரு விளக்கு எரிந்தால் பயம் குறையும். தீபாவளிக்கு மட்டும் விளக்கு போதாது. தேவகோட்டை இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. மரத்தில் அடையும் நாரைகளுக்காக ஓர் ஊரே அப்படி இருக்கிறது. நம் வீட்டு நூறு கிராம் உயிருக்குத் தெருவை நிறுத்த முடியாது. கதவைச் சாத்தி, உள் அறையில் உடன் உட்காரலாம்.

கிளி வீட்டோடு சேர்ந்துவிட்டதா என்று அறிய, அது பேசும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண் காக்டெயில் பெரும்பாலும் பேசுவதே இல்லை. விளக்கு வைத்த பிறகு வளவு அடங்கும் நேரத்தில், காதைக் கொடுத்துக் கேளுங்கள். கொண்டை படிந்து, முகத்து இறகு உப்பி, ஒரு காலைத் தூக்கி வயிற்றில் செருகிக்கொண்டு, கிளி அலகோடு அலகை நறநறவென்று தேய்க்கும். மனிதர் பல்லை அப்படிக் கடித்தால் கோபம். கிளிக்கு அது தூக்கம் சொக்குகிறது, இங்கே பயமில்லை என்று பொருள்.