ஆடலில் ஆண் யார், பெண் யார்?

ஜொகூர் மக்களுக்குப் பழகிய ஸாப்பின் நடனத்தைத் தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். பெண்கள் பின்னாளில்தான் சேர்ந்தனர். வழக்கம் மாறக்கூடியதே.

பரதத்தில் இதற்கு வாழும் சான்று நர்த்தகி நடராஜ். மதுரையில் ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர். தம்மைப் பெண்ணாக உணர்ந்ததால் வீட்டைப் பிரிய நேர்ந்தது. தஞ்சை கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்றுக்கொண்டார். இறைவனைத் தலைவனாகவும் தன்னைத் தலைவியாகவும் கொள்ளும் நாயகி பாவமே அவரது தனிச்சிறப்பு.

தலைவியின் ஏக்கத்தைக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்களே. மேடையில் சற்று நேரம் பெண்ணாகும் ஆணுக்குக் கைதட்டும் சபை, மேடையை விட்டு இறங்கிய பின்னும் பெண்ணாகவே வாழ்பவரை ஏற்கத் தயங்கியது. விந்தைதான்!

2011இல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். திருநங்கையரில் அதைப் பெற்ற முதல்வர் அவரே.