ஊரும் நோயும் – 14
காய்ச்சலுக்கு எத்தனை நாள் லீவு?

2023 மார்ச் 15. புதுச்சேரி சட்டப்பேரவையில் கல்வி அமைச்சர் நமச்சிவாயம் ஓர் அறிவிப்பு செய்தார். எச்3என்2 ஃப்ளூ காய்ச்சல் பரவுவதால் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மறுநாள் தொடங்கி 26ஆம் தேதி வரை விடுமுறை. அதற்கு முந்தைய செப்டம்பரிலும் இதே எட்டு வகுப்புகளுக்கு 17 முதல் 25 வரை லீவு விட்டிருந்தார்கள். ஆறே மாதத்தில் இரண்டு முறை பூட்டு.

வில்லியனூர்ப் பக்கம் பூட்டு எந்த அளவுக்குச் செல்லுபடியாகும்? விழுப்புரம் சாலையில் வில்லியனூரும் அரியூரும் புதுச்சேரி. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. பாகூரில் கொஞ்சம் நடந்தாலே கடலூர் மாவட்டம். தமிழ்நாட்டு ஊர்களிலெல்லாம் பள்ளிகள் திறந்தே இருந்தன. தமிழ்நாடு அரசு காய்ச்சல் முகாம்களை நடத்திக்கொண்டிருந்தது. அக்காள் பிள்ளைக்கு லீவு, தங்கை பிள்ளைக்கு ஸ்கூல், சாயங்காலம் இரண்டுக்கும் ஒரே தெருவில் ஆட்டம் என்றால் வைரஸுக்கு எல்லைக்கோடு ஏது?

மூடியது தப்பென்று சொல்ல வரவில்லை. வகுப்பே இருமும்போது அரசு கைகட்டி நிற்க முடியாது. ஆனால் அம்மா கம்பெனி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டால், லீவில் இருக்கும் பிள்ளை பாட்டியின் மடியில்தான் கிடக்கும். ஃப்ளூ மோசமாகத் தாக்குவதும் வயதானவர்களைத்தான். பிறகு கர்ப்பிணிகளை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை.

அம்மை விஷயத்தில் நம் ஊர் கெட்டி. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் யாரும் அநாவசியமாக உள்ளே வர மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை யாரும் பள்ளிக்கு அனுப்புவதில்லை, வாத்தியாரும் கேட்பதில்லை. கொப்புளங்கள் காய்ந்து பக்கு கட்டும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்றுதான் மருத்துவமும் சொல்கிறது. காய்ச்சலுக்கு மட்டும் இப்படியொரு கெடு நம்மிடம் இல்லை. காலையில் உடம்பு சுட்டால் ஒரு ஸ்பூன் பாராசிட்டமால் சிரப். சூடு தணிந்ததும் யூனிஃபார்ம், பை, வேன். பத்தரை மணிக்கு மருந்து வேகம் குறையும்போது பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்திருக்கும். அதற்குள் அது பக்கத்துப் பிள்ளை முகத்தில் நாலு தடவை இருமியிருக்கும்.

கெடு எளிமையானதுதான்: மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம்.

அங்கன்வாடியில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே பாய், ஒரே பொம்மை, சில இடங்களில் ஒரே டம்ளர். கை, கால், வாயில் கொப்புளம் போடுகிற காய்ச்சல் வந்தால் சானிட்டைசரை நம்பக் கூடாது, அந்த வைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். குழாயில் தண்ணீர் வராத மையத்தில் கை கழுவும் படத்தைச் சுவரில் ஒட்டி என்ன பயன்?

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். கம்பெனிக்காரர்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் லீவு கேட்டால் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.