நிழல், பிறை, பாடத்திட்டம்

1946ஆம் ஆண்டில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியபோது, நம் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சமூகமே சேர்ந்து விடை சொன்னது. பகலில் பள்ளிக்கூடம், கணக்கும் அறிவியலும் தமிழில் நடந்தன. மாலையில் ஓதப்பள்ளி, ஹஜ்ரத் அரபு எழுத்திலிருந்து தொடங்கித் திருக்குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் வேறு, இடம் வேறு. பிள்ளையை நேரத்துக்கு அனுப்பிவைப்பதோடு பெற்றோரின் பங்கு பெரும்பாலும் முடிந்தது.

இன்று, வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுத்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில், அதே கேள்வி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. அறிவியலை எங்கே தொடங்குவது, எந்த நூலைப் பின்பற்றுவது, மார்க்கத்தை அதனோடு எப்படிச் சேர்ப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் ஒரு தாயே யோசித்து எழுதுகிறார். அன்று ஊர் சுமந்த பொறுப்பை இன்று ஒரு வீடு சுமக்கிறது.

உமறுப் புலவர் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளி அதுதான். 1982இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் பிறந்தது. இன்று லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்குகிறது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி. ஆகவே புலவரின் பெயர் தாங்கிய இடத்தில் தமிழ் இருக்கிறது. தமிழில் அறிவியல் இல்லை.

வீட்டில் கற்பிப்பதற்கும் அன்று அனுமதி தேவைப்படவில்லை. 2000இல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தபின் நிலைமை மாறியது. பெற்றோர் பாடத்திட்டத்தைக் கல்வி அமைச்சிடம் கொடுத்து விலக்குப் பெற வேண்டும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கையும் எழுதி, அந்த ஆண்டு தேர்வெழுதிய பள்ளி மாணவர்களின் 33ஆம் சதமான நிலையையாவது எட்ட வேண்டும். சுதந்திரம் குறைந்தது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளையும் எழுத்தறிவின்றி விடுபட்டுப்போகாது என்ற உறுதி வந்தது. அது சிறிய ஆதாயமல்ல.

இந்தச் சட்டத்தால் அறிவியல் பாடத்திட்டத்துக்கு ஓர் எலும்புக்கூடு தானாகவே கிடைக்கிறது. பல்வகைமை, சுழற்சிகள், அமைப்புகள், ஆற்றல், இடைவினைகள் என்ற ஐந்து கருப்பொருள்களைச் சுற்றி அமைச்சின் பாடத்திட்டம் அமைந்திருக்கிறது. பள்ளியில் அறிவியல் தொடக்கநிலை மூன்றில்தான் ஆரம்பமாகிறது. வீட்டிலோ முதல் இரண்டு ஆண்டுகளையும் செடி, பூச்சி, மழை என்று கண்ணால் பார்ப்பதற்கே கொடுக்கலாம்.

எலும்புக்கூட்டுக்குச் சதை சேர்ப்பதுதான் கடினம். அன்று ஒரு பாடநூல் இருந்தது. அதற்கு மேல் தேடியவருக்கு 1960இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறந்த தேசிய நூலகம் இருந்தது. இன்று நூல்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் வீட்டுக்கல்வி அறிவியல் நூல்களில் பல கிறிஸ்துவக் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை. உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளாகக் கணக்கிடுபவையும் அவற்றில் உண்டு. முஸ்லிம் வீடு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சமயம் பேசாத நூல்களில் அறிவியல் செம்மையாக இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் உலகைப் பார்க்கும் பார்வைக்கு அங்கே இடமில்லை. ஆகவே பொறுக்கிச் சேர்க்கிறார்கள். அமைச்சின் தலைப்புகள் முதுகெலும்பு. இயற்கையைக் கவனிக்க, அன்னா காம்ஸ்டாக் 1911இல் ஆசிரியர்களுக்காக எழுதிய கையேடு. ஒளி பற்றிய பாடம் வரும்போது, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் ஒளியியல் நூல் எழுதிய இப்னுல் ஹைதம். அறையை இருட்டாக்கி, அட்டையில் சிறு துளையிட்டால், எதிர்ச்சுவரில் வெளி உலகம் தலைகீழாக விழும். சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்று வற்புறுத்திய அவரே அந்த வாரத்தின் ஆசிரியர்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு திருக்குர்ஆன் வசனத்தை ஒட்டிவைக்கும் ஆசை பல பெற்றோருக்கு எழுகிறது. அதில் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். அறிவியலின் முடிவுகள் திருத்தப்படக்கூடியவை. வேதத்தை அவற்றோடு முடிச்சுப் போட்டால், முடிவு மாறும் நாளில் பிள்ளையின் மனம் தடுமாறும். வசனம் வியப்பைத் தரட்டும், கருவி அளவைத் தரட்டும். பரிணாமம் தொடக்கநிலையில் தனித் தலைப்பாக வருவதில்லை; உயர்நிலை உயிரியலில் வருகிறது. அறிவியல் என்ன சொல்கிறது, குடும்பம் எதை நம்புகிறது என்பதை இரண்டையும் மறைக்காமல் சொல்லப் பெற்றோர் முன்கூட்டியே தயாராவது நல்லது.

மார்க்கமும் அறிவியலும் இயல்பாகச் சந்திக்கும் இடம் வானம். டன்லப் தெருவில் 1907இல் கட்டத் தொடங்கிய அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில், வாசலுக்கு மேலே, 25 கதிர்கள் கொண்ட சூரியக் கடிகார வடிவம் இருக்கிறது. கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள். அன்று தொழுகை நேரம் நிழலில் இருந்தது. உச்சி நிழலுக்கு மேல் ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு வளர்ந்தால் ஷாஃபிஈ வழியில் பிற்பகல் தொழுகையான அஸர். இருமடங்கு வளர்ந்தால் ஹனஃபி வழியில் அஸர். இன்று கைப்பேசி நிமிடம் பிசகாமல் சொல்கிறது. துல்லியம் கூடியது, நிழலைப் பார்க்கும் பழக்கம் போனது.

வீட்டுப் பாடத்தில் அந்தப் பழக்கத்தை மீட்கலாம். சிங்கப்பூர் ஏறத்தாழ 103.8 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் கடிகாரமோ 120 பாகைக்குரியது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் வித்தியாசம் 65 நிமிடம். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.05க்கு. 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளுவதற்கு முன்பு அதே உச்சி 12.35க்கு வந்தது. சூரியன் மாறவில்லை, எண் மாறியது. இதைக் கணக்கிடும் பிள்ளை, சூரியன் உச்சி சாய்ந்ததும் வரும் லுஹர் தொழுகை நேரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மே 28ஆம் தேதி மாலை 5.18 மணியளவில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும். அப்போது ஒரு கோலை நட்டால் நிழலுக்கு எதிர்த்திசை, தொழும் திசையான கிப்லா. ஜூலை 16 மாலை 5.27க்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

மாதத் தொடக்கத்தைக் காட்டும் பிறையிலும் பழையதும் புதியதும் எண்களாகவே நிற்கின்றன. பிறை தெரியக்கூடியது என்று ஏற்க, இந்த வட்டார நாடுகள் முன்பு வைத்திருந்த அளவு 2 பாகை உயரம், சூரியனிலிருந்து 3 பாகை விலகல். புதிய அளவு 3 பாகை உயரம், 6.4 பாகை விலகல். மெல்லிய பிறை அந்தி ஒளியில் கரைந்துவிடும் என்பதே காரணம். ஈரமும் மேகமும் நிறைந்த நம் வானத்தில் கணக்கு பெரிய துணை. ஆயினும் மஃரிபுக்குப்பின் எல்லாரும் மேற்கே அண்ணாந்து பார்த்த காலத்தின் கூட்டு எதிர்பார்ப்பு கைப்பேசி அறிவிப்பில் வருவதில்லை. மாதம் ஒருமுறை பிறை பார்ப்பதும் குறித்துவைப்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

நகரமும் வகுப்பறைதான். 1907 முதல் 1974 வரை ஸ்டாம்ஃபர்ட் சாலை அருங்காட்சியகத்தில், 1892இல் மலாக்கா அருகே கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. பிறகு மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டது. அதைப் பார்த்த பிள்ளைகள் கடலின் பெருமையைக் கற்றார்கள். 2015இல் ஜூரோங் தீவருகே 10.6 மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் திமிங்கிலம் இறந்து மிதந்தது. அதன் எலும்புக்கூடு இன்று லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்தத் திமிங்கிலத்தின் குடலில் பிளாஸ்டிக் குப்பை இருந்தது. இப்போதைய பிள்ளை கடலின் பெருமையோடு நம் பிழையையும் கற்கிறது. பூமி அமானிதம், அதாவது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், என்று ஓதப்பள்ளியில் கேட்ட சொல்லுக்கு இங்கே ஆதாரம் கிடைக்கிறது.

கூட்டிப் பார்த்தால் ஆதாயம் பெரிது. அன்று தனித்தனியாக நின்ற பள்ளியும் ஓதப்பள்ளியும் இன்று ஒரே மேசையில் சேர்கின்றன. பிள்ளையின் வேகத்துக்குப் பாடம் நடக்கிறது. 1977இல் திறந்த அறிவியல் நிலையமும் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவும் வார நாளில் கூட்டமின்றிக் கிடைக்கின்றன. இழந்தது வகுப்புத் தோழர்கள், ஊரின் தோள், தமிழில் அறிவியல். முதல் இரண்டையும் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து ஓரளவு ஈடுகட்டலாம். மூன்றாவதை வீடுதான் மீட்க வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கட்டும். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம், அந்த வாரம் கற்றதைப் பிள்ளை பாட்டன் பாட்டிக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். அமைச்சு இதைக் கேட்கப்போவதில்லை. பெற்றோர் கேட்க வேண்டும். அமைச்சுக்கு அனுப்பும் திட்டத்திலும் எழுதிவைக்க வேண்டும்.