நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா? இரட்டைக் கருவின் ரகசியங்கள் தெரியுமா?

ஒட்டிய வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் கையிலிருந்து பிடுங்கி வைப்பார்களே, அதை விடுங்கள். நிஜக் கதை அதைவிட விநோதம்! கருவான ஒரே முட்டை எந்த நாளில் இரண்டாகப் பிரிகிறது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். சுமார் 3 நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். 4 முதல் 8 நாளுக்குள் என்றால் பனிக்குடம் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்றே. அதையும் தாண்டினால் பனிக்குடமும் ஒன்றுதான். 13 நாளுக்குப் பிறகு என்றால்? உடல் ஒட்டிய இரட்டையர்!

ஸ்கேனில் இரண்டு இதயத் துடிப்பு தெரிந்ததுமே வீட்டில் தொட்டில் ரெண்டா, பெயர் என்ன என்று பேச்சு கிளம்பிவிடும். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: ‘நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?’ இதைச் சொல்ல 11 முதல் 14 வாரம்தான் தோதான நேரம், கருவின் பிடரிப் பகுதி நீரை அளக்கும் என்.டி. ஸ்கேன் எடுக்கும் அதே சமயம். இரு பனிக்குடங்களுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் சின்ன முக்கோணம் தெரிந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. சவ்வு மெல்லிசாக, செங்குத்தாக வந்து முட்டினால் ஒன்று. வாரம் ஏற ஏற அந்த முக்கோணம் மங்கிக்கொண்டே போகும். ஐந்தாம் மாதம்வரை ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் பெரிய நிபுணரும் திணறலாம்.

ஒரே நஞ்சுக்கொடி என்றால் ஏன் இத்தனை பதற்றம்? அதன் மேற்பரப்பில் இரு குழந்தைகளின் ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்! இப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15-இல், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாய ஆரம்பித்துவிடும். வாங்கும் குழந்தை ஓயாமல் சிறுநீர் கழிக்க, அதன் பனிக்குட நீர் பெருகும், இதயம் திணறும். கொடுக்கும் குழந்தைக்கோ நீரே வற்றி, சவ்வு ஈரத்துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தாய்க்குச் சில நாளிலேயே வயிறு மளமளவென்று பெருத்து, மூச்சு வாங்கும். ‘இரட்டைன்னா அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்! நோய் முற்றியபின் சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தையுமே தங்காது. ஒரே நஞ்சுக்கொடி என்று தெரிந்தவர்களுக்கு 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதுவது இதற்காகத்தான். வீண்செலவு என்று முணுமுணுக்காதீர்கள்.

1617-இல் தீட்டிய ஓவியம் ஒன்றில், துணியில் சுற்றிய இரண்டு பச்சிளம் குழந்தைகள். ஒன்றின் முகம் வெளிறியிருக்கிறது, மற்றது சிவந்திருக்கிறது! இதே நோய்தான் அதில் பதிவாகியிருக்கிறது என்று பிற்கால மருத்துவர்கள் கணித்தார்கள்.

1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா கருப்பைக்குள்ளேயே லேசரை அனுப்பி, அந்த இணைப்புக் குழாய்களைச் சுட்டு அடைத்தார். குழந்தைகள் இன்னும் உள்ளே இருக்கும்போதே! இன்றும் அதே வழிதான்: 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்க் கேமரா, பெரும்பாலும் தாய் விழித்திருக்கும்போதே. திரையில் எது தமனி, எது சிரை? இங்கே எல்லாம் தலைகீழ்! தமனி கருத்திருக்கும், சிரை பளிச்சென்று சிவந்திருக்கும். குழந்தைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது இங்கே சிரைதான். போதாக்குறைக்குத் தமனி சிரையின் மேலேறிக் கடக்கும். இந்த அடையாளங்களைப் பார்த்துத்தான் சுடவேண்டிய இடத்தைக் குறிவைக்கிறார்கள்.

லேசரா, வெறுமனே நீரை வடிப்பதா? 142 பெண்களிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. ஒரு குழந்தையாவது பிழைத்தது லேசரில் 76 சதவீதம், நீர் வடித்ததில் 56 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்!

ஒரே நஞ்சுக்கொடியில் இன்னொரு நோயும் வரலாம், இதைவிடச் சத்தமில்லாத ஆள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய் வழியாக ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். பனிக்குட நீரில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு குழந்தைக்குச் சோகை, இன்னொன்றுக்கு ரத்தம் கெட்டியாகும். ஊசி குத்தாமல் எப்படிப் பிடிப்பது? சோகை ரத்தம் நீர்த்தது, அதனால் வேகமாக ஓடும். கெட்டி ரத்தம் மெதுவாக நகரும். ஆகவே டாப்ளர் ஸ்கேனில் இரு குழந்தைகளின் மூளைக்குள்ளும் ஒரே தமனியில் ரத்தத்தின் வேகத்தை அளந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்!