பெண் கடலை நம்பி...

போன மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். மாமியாருக்குக் கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும். ஏழாம் வகுப்பு முடித்த என் மகளுக்கோ கடலில் கயாக் ஓட்ட வேண்டும். ரெண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு என் கணவர், உச்சிப்புளிக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு வீட்டில் மூன்று நாளைக்கு அறை எடுத்தார்.

கயாக் என்றால் ஒல்லியான சின்னப் படகு. இருபுறமும் தட்டையாக உள்ள ஒரே துடுப்பை வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். வட துருவத்தை ஒட்டிய பனி நாடுகளில் இன்யூட் மக்கள் வேட்டைக்காகச் செய்ததாம். கட்டைகளைக் கூடாகக் கட்டி, மேலே சீல் தோலைப் போர்த்தி, சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் தைப்பார்களாம். தைப்பது முழுக்கப் பெண்கள் வேலை. ஏறிப் போய் வேட்டைக்காரன் என்று பேர் வாங்குவது யார் என்று சொல்லணுமா?

சின்னப் பிள்ளையைத் தனியாக விட மாட்டோம், பெரியவர் ஒருத்தர் கூட உட்கார வேண்டும் என்றார் கத்துக்கொடுக்கிற தம்பி. என் கணவருக்குக் கழுத்து வலி. "நீ போயேன், லைஃப் ஜாக்கெட்தான் இருக்கே" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. ஆறு வயதில் கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்து, சித்தப்பா தலைமுடியைப் பிடித்துத் தூக்கினதிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினதே இல்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பக்கத்து ஜனங்கள் தெற்கே அலையடிக்கிற மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே இருக்கிற பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் தங்கினது பெண் கடல் ஓரம். சாயங்காலம் பார்த்தபோது எங்க ஊர்க் கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் ரொம்ப தூரம் நடக்கலாமாம். பெண் கடல்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

"காலைல ஆறரைக்கே வந்துருங்கக்கா. நேரமாச்சுன்னா கச்சான் ஏறிடும்" என்றார் தம்பி. நமக்கு ஆறரை என்றால் என்ன அர்த்தம்? காப்பி, இட்லி, தலை பின்னல் எல்லாம் முடிந்து கரைக்குப் போனபோது எட்டரை.

புடவை கூடாது என்று சுடிதார் போட்டிருந்தேன். துப்பட்டாவைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நின்றபோது கூச்சமாகத்தான் இருந்தது. தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொண்டேன். தம்பி ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். காதுவரை ஏறினால் வார் தொளதொள என்று இருக்கிறதாம், இறுக்கிவிட்டார். உட்கார்ந்ததும் படகில் தண்ணீர்! ஓட்டை என்று கத்திவிட்டேன். ஏறுகிற தண்ணீர் வடிவதற்காகவே விட்டிருக்கிற துளையாம் அது. கரையெல்லாம் சிரிப்பு.

மகள் முன்னால், நான் பின்னால். போகும்போது அவ்வளவு சுலபம்! ரெண்டு தள்ளு தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நமக்கும் வருகிறதே என்று ஒரே பூரிப்பு. மஞ்சள் மிதவையைத் தாண்டாதீங்க என்று தம்பி சொன்னதே மறந்துபோனது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் தீப்பெட்டி உயரத்துக்கு நிற்கிறார்.

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. அந்தக் கரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. அதனால் கரையோரம் அலையே எழும்பாது, தண்ணீர் தட்டையாகத் தெரியும். முதுகில் கைவைத்துத் தள்ளுவது காற்றுதான் என்று புதிதாகப் போகிறவளுக்குத் தெரியாது. படகைத் திருப்பினபோதுதான் முகத்தில் அறைந்தது.

கரையில் இருந்த ஒற்றைப் பனைமரத்தைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டோம். மரம் கிட்டவே வரவில்லை. "அம்மா, நாம போறோமா, நிக்கிறோமா?" என்றாள் மகள். துடுப்பைச் செங்குத்தாக விட்டுப் பார்த்தேன், தரை தட்டவில்லை. கிணற்றுப் படி ஞாபகம் வந்துவிட்டது. அழுதால் பிள்ளை பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தம்பி தன் படகில் வேகமாக வந்தார். "நிறுத்தாதீங்கக்கா, நிறுத்தினா பின்னாடி கொண்டு போயிரும். பாப்பா எந்தப் பக்கம் போடுதோ நீங்களும் அதே பக்கம் போடுங்க. கையால இழுக்காதீங்க, இடுப்பத் திருப்புங்க." மத்தில் கயிறு கட்டித் தயிர் கடைகிற மாதிரிதான், ஒரு தோள் முன்னே வந்தால் ஒரு தோள் பின்னே போக வேண்டும். அப்புறம் கயிற்றை மாட்டி இழுத்தார். இழுத்தாலும் நாங்களும் போட்டால்தான் நகர்ந்தது. போனது அஞ்சு நிமிஷம், வந்தது அரைமணி. கைக்கு ரெண்டு கொப்புளம்.

திட்டு விழும் என்று பயந்துதான் இறங்கினேன். அத்தை ஒன்றும் பேசாமல் பேத்திக்குத் தலை துவட்டினார். பிறகு தம்பியிடம், "நாளைக்கு எத்தனை மணிக்குப்பா வரணும்?" என்றார்.

மறுநாள் அஞ்சு மணிக்கே எங்களை எழுப்பினதும் அவர்தான். ஆறு மணிக்குக் காற்றே இல்லை. முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்க்கச் சொன்னார் தம்பி. கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காமல் படகை விடாமல் பிடித்துக்கொள்ளணும், அது முழுகாது என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலை முழுகத் தண்ணீருக்குள் போனேன். ஜாக்கெட் தூக்கிவிட்டது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமல், அவ்வளவுதான். அப்புறம் மிதவைக்குள்ளேயே நாலு சுற்று. கயிறு இல்லாமல் நாங்களே திரும்பி வந்தோம்.

கரையில் அத்தை பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உள்ள போயிப் பார்த்தா இந்தப் பனைமரம் எப்படித்தாத் தெரியும்?" என்று கேட்டார்.

"சின்னதாத் தெரியும் அத்தை" என்றேன்.

— ஒரு வாசகி, விருதுநகர்